துரைசானி கம்பளி

நாம் ஊரை விட்டுக் கிளம்பும்போது அந்தப் பேச்சி மண்ணை வாரித் தூற்றினாளே, அது என் மேல் விழவில்லை, சோலை. நீயும்தான் பார்த்தாய். காற்று அவள் பக்கமாக அடித்தது. அவள் வாரின மண் அவள் கண்ணிலேயே விழுந்தது. சாமி இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆனால் உன் பெண்டாட்டி முகம் அப்போது விழுந்ததுதான், இன்னும் எழுந்திருக்கவில்லை. மானாமதுரையில் ரயில் ஏறினதிலிருந்து பார்க்கிறேன். பிள்ளையை மடியை விட்டு இறக்கவே மாட்டேன் என்கிறாள். ஏழு வயசுப் பிள்ளையை இப்படியா கட்டிக்கொண்டு உட்காருவது? இந்தா தங்கச்சி, இந்தக் கம்பளியைக் கீழே விரித்துப் பிள்ளையை விடு. நல்ல கம்பளி. சிவப்பில் கறுப்புக் கரை போட்டது, சீமைச் சரக்கு. இதற்கும் ஒரு கதை இருக்கிறது. வரும்.

மருதா, நீ கதவுகிட்டேயே உட்கார். சின்னப் பிள்ளைகள் வருகிற வண்டி. யாராவது தவறி விழுந்தால் பழி நமக்கு.

மருதன் என் சில்லறைக் கங்காணி, எனக்குக் கீழே உள்ளவன், சோலை. நல்ல பயல். சொன்ன இடத்தில் உட்காருவான்.

என்ன சொன்னேன்? ஆமாம், பேச்சி. வெள்ளச்சி வெள்ளச்சி என்று வாயில் அடித்துக்கொண்டாளே, வெள்ளச்சி அவள் தங்கச்சிதான். உங்கள் ஊர்ப் பெண். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளையும், அவள் புருஷன் நல்லானையும், இரண்டு வயசுப் பெண் பூவாயியையும் நான்தான் கண்டிக்குக் கூட்டிப்போனேன். இதே ரயில், இதே பாதை. ஊரில் இப்போது என்ன பேச்சு? வைரவன் கங்காணி குடும்பத்தைப் பிரிக்கிறவன், தாய்கிட்டேயிருந்து பிள்ளையைப் பிடுங்கி ஏலம் போட்டவன். நாலு பேர் நாலு விதமாகச் சொல்லட்டும். நடத்தினவன் வாயால் கேட்க வேண்டாமா? நடத்தினவன் என்றால், பக்கத்தில் நின்றவன்.

மண்டபம் கேம்புக்குப் போய்ச் சேர்ந்தால் பேச முடியாது. மருந்துத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவார்கள், கண் இமையை மடக்கிப் பார்ப்பார்கள், பேர் எழுதுவார்கள். அதற்குள் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி, நீயும் கேள். உனக்காகத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. மனுஷனை யாரும் ஏலம் போடவில்லை. அதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரன் சட்டத்தை மீறமாட்டான். ஏலம் போட்டது துண்டை. துண்டு என்றால் வெறும் காகிதம், சோலை. இன்னின்ன ஆள், இன்னின்ன கங்காணி, தோட்டத்துக்கு இவ்வளவு பாக்கி என்று எழுதியிருக்கும். அந்தக் காகிதத்தை எந்தத் துரை வாங்குகிறாரோ அந்தத் துரையின் தோட்டத்துக்கு ஆள் போக வேண்டும். அவ்வளவுதான். காகிதத்தை விற்றால் ஆளை விற்றதாக ஆகுமா? நீயே சொல். உன் பேரும்தான் இப்போது காகிதமாக என் மடியில் இருக்கிறது. உனக்கு ஏதாவது வலிக்கிறதா?

இரண்டாவது, துண்டை ஏலம் போட்ட அந்தத் துரை தங்கமான துரை. ஏழு வருஷம் அவர் கீழே இருந்தேன், என்னை அடித்தது இரண்டே தரம். அவருடைய தாயார் சீமையிலிருந்து வருஷா வருஷம் நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸ் பண்டிகைக்கு, கப்பல் ஏறி வருவாள். துரைசானி அம்மா. எழுபது வயசு, பஞ்சு மாதிரித் தலை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர். தோட்டத்தில் உள்ள அநாதைப் பிள்ளைகளை பங்களா வாசலில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு கம்பளி தன் கையால் போர்த்துவாள். சும்மா! மற்றவர்களுக்குக் கம்பளி கொடுத்தால் பாக்கியில் ஏறும். அநாதைக்கு ஏறாது.

அங்கே குளிர் எப்படி என்று உனக்குத் தெரியாது, சோலை. நம் ஊர் மார்கழியெல்லாம் ஒரு குளிரா? காலையில் கொழுந்து கிள்ளப் போனால் விரல் கழன்று கூடையில் விழுந்துவிட்டதோ என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பூவாயிக்கு முதல் வருஷமே நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. லயம் என்றால் வரிசையாக ஒட்டின கூலி வீடு. ஒரு லயத்தில் பதினோரு குடும்பம். அத்தனை பேரும் இவள் இருமலில் தூங்கவில்லை. வெள்ளச்சி என் காலில் வந்து விழுந்தாள். "கங்காணி, எங்க பாக்கியில ஏத்தாம ஒரு கம்பளி வாங்கிக் குடுங்க. பிள்ளை செத்துப் போயிரும்" என்று அழுதாள்.

எனக்கு இளகின மனசு. அந்த வாரம்தான் ராக்கு என்று ஓர் அநாதைப் பெண் காய்ச்சலில் போயிருந்தது. தோட்டத்துப் பேர்ப் புத்தகத்தில் பேர் அப்படியே நின்றது. ஒரு பேரை எதற்கு வீணாக்குவது? புத்தகத்தில் பூவாயி செத்ததாகக் கோடு போட்டுவிட்டு, அவளை ராக்கு என்று வரிசையில் நிறுத்தினேன்.

துரைசானி அம்மா லேசுப்பட்டவள் இல்லை. கணக்கப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையையும் கேட்பாள். அதனால் மூன்று பாடம். உன் பேர் என்ன? "ராக்குங்க." உன் அம்மா எங்கே? "செத்துப் போச்சுங்க." மூன்றாவது, பூவாயி என்று யார் கூப்பிட்டாலும், சாமியே வந்து கூப்பிட்டாலும், வெள்ளைக்காரர்கள் இருக்கிற இடத்தில் திரும்பக் கூடாது. நான் ஒரு தரம்தான் சொல்லிக் கொடுத்தேன். பிறகு தினமும் அடுப்படியில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவள் யார்? வெள்ளச்சி! பெற்ற தாய்! இதைப் பேச்சி ஊரில் சொன்னாளா? சொல்லமாட்டாள்.

அந்தப் பக்கம் போகும்போது எனக்கே காதில் விழும். "அம்மா எங்கடி?" என்பாள். "இந்தா இருக்கியே" என்று பிள்ளை சிரிக்கும். தொடையில் ஒரு கிள்ளு. "செத்துப் போச்சுங்கன்னு சொல்லு." "நீ சாவலியே." இன்னொரு கிள்ளு. நல்லான் வாசலில் குந்திக்கொண்டு, "அடியே, பொழுது போன நேரத்துல என்னடி பேச்சு இது" என்பான். "ஒனக்கென்ன, குளுருறது எம் பிள்ளைக்கு" என்பாள். எனக்குச் சிரிப்பாக வரும்.

ஒரு நத்தாருக்குப் பிள்ளை கொஞ்சம் தடுமாறிவிட்டது. "செத்துப்..." என்று ஆரம்பித்துத் தாயைத் திரும்பிப் பார்த்துவிட்டது. நல்லவேளை, துரைசானி அம்மா அதை அழுகை என்று நினைத்தாள். கட்டி அணைத்து, கன்னத்தில் முத்தம் கொடுத்துக் கம்பளியைப் போர்த்தினாள். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் வெள்ளச்சி அதை அடித்த அடி! லயமே கூடிவிட்டது. அதற்கப்புறம் பிள்ளை தடுமாறவே இல்லை.

இதுவா பிடுங்குகிறது? பிள்ளையின் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு வயசில் போகவேண்டியது ஒன்பது வயசு வரைக்கும் வந்தது.

வெற்றிலை போடுகிறாயா? இந்தா. பரமக்குடி தாண்டிவிட்டோம் போல. பனை தெரிகிறது, பார்.

அப்புறம் சண்டை வந்தது. சீமைச் சண்டை. துரைக்குச் சண்டைக்கு வரச்சொல்லிக் கடுதாசி. தோட்டத்தை விற்றுவிட்டுப் போகிறேன் என்றார். தோட்டம் இரண்டு பிரிவு. அங்கே பிரிவுக்குக் கணக்கு என்று பேர். மேல் கணக்கு, கீழ் கணக்கு. ஆளுக்கு ஒரு கணக்கை வாங்க இரண்டு துரைமார் தயாராக இருந்தார்கள். மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து ஒரு ரப்பர்த் துரையும் வந்தார். அவருக்குத் தோட்டம் வேண்டாம், ஆள்தான் வேண்டும். அவர் காட்டில் மலேரியா. ஆள் நிற்பதில்லை. குடும்பம் இல்லாத ஆளாக இருந்தால் நல்லது என்று கேட்டார். தனிப்பேர். அங்கே அநாதைக்கும் ஒண்டிக்கட்டைக்கும் அப்படித்தான் சொல்லுவோம்.

ஏலத்துக்கு முந்தின நாள் துரை எல்லாரையும் பெரட்டுக் களத்துக்குக் கூப்பிட்டார். காலையில் ஆள் எண்ணுகிற இடம் அது. பெட்டி மேல் ஏறி நின்று, கையில் வேதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, தமிழிலேயே சொன்னார். "தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் நான் பிரிக்கமாட்டேன். தாயும் பிள்ளையும் ஒரே துண்டுல போகும். புத்தகம் பார்த்து எழுதச் சொல்லியிருக்கேன்."

புத்தகம் பார்த்து. அதுதான் கேட்டைக் கொண்டுவந்தது, சோலை. நல்ல மனசுக்காரர்கள் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதைச் சுமக்கிறவன் கங்காணி. மற்றத் தோட்டம் மாதிரி புத்தகம் பார்க்காமல் கலைத்துப் போட்டிருந்தால் நானே கையைக் காட்டி அவர்களை ஒன்றாக அனுப்பியிருப்பேன். ஆனால் பொம்பளைகள் எல்லாரும் கும்பிட்டு அழுதார்கள். முதலில் ஓடிப்போய் அவர் பூட்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது யார் என்கிறாய்? வெள்ளச்சி.

புத்தகத்தில் தனிப்பேர் பதினாலு இருந்தது. கண்ணால் பார்க்க நிற்பது ஆறு. மீதி எட்டுப் பேரையும் அதற்கு முந்தின வாரம்தான் கணக்கப்பிள்ளையும் நானும் உட்கார்ந்து, காகிதத்தில், காய்ச்சலில் சாகடித்திருந்தோம். வரிசைக்கு வர முடியாத நோயாளிகள் என்று வாங்கின எட்டுக் கம்பளி எங்கே போனது என்று கேட்காதே. அது வேறு கதை. கணக்கப்பிள்ளை கேட்டார்: "வைரவா, இந்த ராக்குவையும் சேர்த்துச் சாகடிச்சிரலாமா? அது நல்லான் பிள்ளைதானே, தாயோட போய்த் தொலையட்டும்." எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஆனால் ரப்பர்த் துரை, ஆறு தலைக்குக் குறைந்தால் தனக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்கும் ஏதோ உண்டு. அது வழக்கம். "இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன். அதற்குள் மழை வந்துவிட்டது.

ஏலத்தன்று நல்ல வெயில். இஸ்டோர், அதுதான் தேயிலை ஆலை, அதன் வாசலில் மேசை போட்டு, கொழும்பிலிருந்து வந்த ஏலக்காரன் கையில் ஒரு மரச்சுத்தியலோடு உட்கார்ந்திருந்தான். முதலில் வண்டி, மாடு, இயந்திரம். பிறகு துண்டு. கணக்கப்பிள்ளை புத்தகம் பார்த்துப் படிக்கப் படிக்க, அந்தந்தக் குடும்பம் கட்டாகப் போய் ஓரத்தில் நிற்கவேண்டும்.

"மேல் கணக்கு. நல்லான். வெள்ளச்சி. பிள்ளை இல்லை."

வெள்ளச்சி சிரித்தாள். நிஜமாகச் சிரித்தாள், சோலை. "இருக்குதுங்க, கணக்கப்பிள்ளை ஐயா. இந்தா நிக்கிதே, ஒசரமா" என்று பிள்ளையின் தலையைத் தட்டிக் காட்டினாள். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "தனிப்பேர். ராக்கு" என்று படித்தார். மருதன் போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்து அந்த ஐந்தோடு நிறுத்தினான். இல்லையா மருதா? மெதுவாகத்தான் பிடித்தான். பிள்ளையும் முரண்டு பண்ணவில்லை. ராக்கு என்று கூப்பிட்டால் வரிசைக்குப் போக வேண்டும் என்று அதற்குத் தெரியும். கம்பளியை ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு நின்றது. நத்தார் என்று நினைத்ததோ என்னவோ.

அப்போதுதான் வெள்ளச்சிக்கு விளங்கியது. என்னிடம் வந்தாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள்: "கங்காணி, ஒங்க வாயால சொல்லுங்க. எம் பிள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

நீயே யோசித்துப் பார். நான் சொல்லலாம். சொன்னால் துரை புத்தகத்தைக் கேட்பார். ராக்கு யார் என்பார். அந்த எட்டுக் கம்பளி வரும். என் கைக்கு விலங்கு வரும். என்னை நம்பி நூற்றிருபது ஜீவன். கங்காணி உள்ளே போனால் அவர்கள் கதி? ஒரு பிள்ளைக்காக நூற்றிருபது பேரை நடுத்தெருவில் விடுவது தர்மமா?

நல்லானை ஓரமாகக் கூப்பிட்டேன். "வாயைத் திறக்காதே. ஒரே மாசம். நானே கீழ்நாட்டுக்குப் போயி பிள்ளையைக் கொண்டாந்து உன் கையில குடுக்கிறேன். நீ இப்பக் கத்தினா, பொய்ப் பேருக்குக் கம்பளி வாங்கினதுக்கு உன்னையும் அவளையும் மறியல்ல, ஜெயில்ல போடுவாங்க. பிள்ளை அநாதையாத்தான் போகும்" என்றேன். அவன் என்னையே பார்த்தான். பழனியாண்டவர் சாட்சியாகச் சொல்கிறேன், அந்த நேரம் அதை மனசாரத்தான் சொன்னேன்.

ஏலக்காரன் கூவ ஆரம்பித்தான். தனிப்பேர் ஆறு. "ஒரு தரம்." வெள்ளச்சி ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். மருதன் பிரித்தான். "ரெண்டு தரம்." அவள் போய் மேசையைப் பிடித்துக்கொண்டாள். மசிக்கூடு கவிழ்ந்தது. அப்போதுதான் துரை கையைத் தூக்கி ஏலத்தை நிறுத்தினார். சொன்னேனே, தங்கமான மனுஷன்.

அவரே எழுந்து வந்து பிள்ளைக்கு முன்னால் முட்டி போட்டார். அந்தப் பெரிய உடம்பு, வெள்ளைக் கால்சட்டை, மண்ணில்.   துரை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, நல்ல தமிழில் கேட்டார்:

"பயப்படாதே. உன் அம்மா எங்கே?"

பிள்ளை கையைக் கட்டிக்கொண்டது.

"செத்துப் போச்சுங்க, தொரை."

"உன் பேர் என்ன?"

"ராக்குங்க, தொரை."

ஒரு எழுத்துப் பிசகவில்லை! ராகம் போட்டு, நிறுத்தி, மரியாதையாக. சொல்லிவிட்டுத் தாயை ஓரக்கண்ணால் பார்த்து, பல் விழுந்த வாயோடு ஒரு சிரிப்புச் சிரித்தது. இந்தத் தரம் தடுமாறாமல் சொன்னேன், பார்த்தாயா என்கிற மாதிரி. மெச்சுவாள் என்று எதிர்பார்த்தது.

வெள்ளச்சி அதற்கப்புறம்தான் கத்தினாள். "பூவாயி! ஏ பூவாயி! நாந்தாண்டி! திரும்பிப் பாருடி!" மலையே எதிரொலித்தது. பிள்ளை திரும்பவில்லை. துரை முகத்தையே பார்த்துக்கொண்டு குச்சி மாதிரி நின்றது. மூன்றாம் பாடம்.

துரை நல்லானைப் பார்த்தார். "நீ சொல்லு. உன் பிள்ளையா?" நல்லான் தரையைப் பார்த்தான். கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டே நின்றான்.  பெற்றவனே சும்மா நிற்கும்போது நான் என்ன செய்ய? நான் போய்க் கும்பிட்டுச் சொன்னேன்: "மன்னிக்கணும் தொரை. பெத்த பிள்ளை செத்துப்போன வருத்தம் அவளுக்கு. எந்தப் பிள்ளையைக் கண்டாலும் தன் பிள்ளைம்பா."

துரைக்குக் கண் கலங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "பாவம்" என்றார். பங்களாவிலிருந்து ஒரு கம்பளி எடுத்துவரச் சொல்லி வெள்ளச்சியின் தோளில் அவரே போர்த்தினார். அவள் அதை உதறிக் கீழே போட்டாள். நல்ல சரக்கு, மண்ணில் கிடந்து பாழாவானேன்? நான் எடுத்து மடித்து வைத்தேன். உன் பிள்ளை இப்போது படுத்திருக்கிறதே, அந்தக் கம்பளிதான்.

"மூணு தரம்" என்று சுத்தியலைத் தட்டினான். முடிந்தது.

என்ன தங்கச்சி, அப்படிப் பார்க்கிறாய்? கதையை முழுக்கக் கேள். பாதியில் எழுந்து போனவர்கள்தான் ஊரில் தப்பாகப் பேசுகிறவர்கள்.

இதில் நஷ்டப்பட்டவன் யார் என்று யோசித்துப் பார், சோலை. நான்! நல்லானும் வெள்ளச்சியும் நல்ல கை. அவள் ஒருத்தி இரண்டு பேர் கொழுந்து எடுப்பாள். அதற்கப்புறம் மேல் கணக்குக்கு வந்தவள் கூடையைத் தொடவில்லை. வண்டிப் பாதை வளைவில் போய் உட்கார்ந்துகொள்ளுவாள். போகிற வண்டிக்காரனையெல்லாம் நிறுத்தி, "ராக்குன்னு ஒரு பிள்ளை, ஒன்பது வயசு, பல்லு விழுந்திருக்கும், கீழ்நாட்டுல பாத்தீங்களா" என்பாள். அந்தப் பேரைச் சொல்லித்தான் தேடுவாள். பூவாயி என்று சொல்லிக் கேட்கவே மாட்டாள். பூவாயி என்றால் பிள்ளை திரும்பாதே என்று அவளுக்குப் பயம். வேலைக்கு வராதவளுக்குப் பேர், அதுதான் ஒரு நாள் கூலிக் கணக்கு, விழுமா? பேர் விழாவிட்டால் தலைக்கு எனக்கு வருகிற காசும் விழாது, எனக்குத்தானே நஷ்டம்?

நல்லான் ஒரு மாசம் பார்த்தான். தினமும் காலையில் வந்து என் வாசலில் நிற்பான்.  சும்மா நிற்பான். எனக்குக் கஞ்சி இறங்காது. முப்பத்தோராம் நாள் ஆளைக் காணோம். தோட்டத்துச் சீட்டு இல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கீழ்நாட்டுக்கு நடந்திருக்கிறான். பாதி வழியில் பிடித்துவிட்டார்கள். மறியலில் இருக்கிறான். இதுவும் என் நஷ்டம். ஓடிப்போன ஆளுக்குக் கங்காணிதான் பதில் சொல்ல வேண்டும்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. கணக்கப்பிள்ளையை விட்டு ரப்பர்த் தோட்டத்துக்குக் கடுதாசி எழுதினேன். ராக்கு எப்படி இருக்கிறாள் என்று. பதிலும் வந்தது. ஒரே வரி. "ராக்கு, பேர் வெட்டியாச்சு."

பேர் வெட்டினால் என்ன அர்த்தம் என்கிறாயா? பெரட்டில் இல்லை என்று அர்த்தம். செத்திருக்கலாம். ஓடியிருக்கலாம். வேறு தோட்டத்துக்குத் துண்டு மாறியிருக்கலாம். புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே கோடுதான். வெள்ளச்சியிடம் நான் அதைச் சொல்லவில்லை. பிள்ளை சுகமாயிருக்கு, வளர்ந்திருச்சு என்று மட்டும் சொன்னேன். எதற்கு ஒரு தாயை நோகடிக்க வேண்டும்? அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "பல்லு மொளைச்சிருச்சாமா?" என்று கேட்டாள். மொளைச்சிருச்சு என்றேன். இந்த மனசு எத்தனை கங்காணிக்கு இருக்கும்?

இவ்வளவுதான் நடந்தது. இதற்குத்தான் பேச்சி மண்ணை வாரித் தூற்றுகிறாள்.

அட, ராமநாதபுரம் வந்துவிட்டது. வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். இரு, இரு, அதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் பிள்ளை பேர் என்ன சொன்னாய்? அஞ்சலையா? நல்ல பேர். ஆனால் மண்டபத்தில் அந்தப் பேரைச் சொல்ல வேண்டாம். புதுத் துரையும் அநாதைப் பிள்ளைக்குக் கம்பளி கொடுக்கிறவர். தங்கச்சி இன்னும் கைநாட்டு வைக்கவில்லை, பிள்ளை பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை. வசதியாகப் போயிற்று. ராக்கு என்று போட்டுவிடுவோம். ராசியான பேர்.

இங்கே வா, குட்டி. உன் பேர் என்ன? அஞ்சலை இல்லை. ராக்குங்க. சொல்லு. ஆ! உன் அம்மா எங்கே? சிரிக்காதே. செத்துப் போச்சுங்க. சொல்லு. பார்த்தாயா சோலை, ஒரே தரத்தில்! அஞ்சலைன்னு யார் கூப்பிட்டாலும்? திரும்பவே கூடாது. ஆ, கெட்டிக்காரி. இந்தா, பொரி உருண்டை.

என்ன தங்கச்சி, எழுந்துவிட்டாய்? தண்ணீரா? போய் வா, குழாய் அதோ இருக்கிறது. பிள்ளைக்கும் தாகமா? கூட்டிப்போ. மருதா, வழி விடு. பொம்பளைப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கட்டும். நீ உட்கார், சோலை. நீ எதற்கு? கைநாட்டு வைத்த ஆள் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, போலீஸ் பார்த்தால் எனக்குத்தான் தொல்லை.

நல்ல பொம்பளை உன் பெண்டாட்டி. வாய் இல்லை. வெள்ளச்சி மாதிரி மேசையைப் பிடித்துக்கொண்டு கத்துகிற ஜாதி இல்லை. எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. அங்கே போனால் முதல் லயத்திலேயே அறை போட்டுத் தருகிறேன். அடுத்த நத்தாருக்குப் பார், உன் பிள்ளை தோளில் புதுக் கம்பளி.

ஊதிவிட்டான். எங்கே அவள்? குழாயடியில் கூட்டம் போல. ஏ தங்கச்சி! வண்டி கிளம்புகிறது, ஏறு!

என்ன சோலை, கம்பளி மடித்து வைத்திருக்கிறது? பிள்ளை படுத்திருந்ததல்லவா? மூட்டை எங்கே? உன் மூட்டை? தண்ணீர் குடிக்கப் போகிறவள் எதற்கு மூட்டையை எடுத்துக்கொண்டு...

அதோ நிற்கிறாள். தூணுக்குப் பக்கத்தில். ஏய்! ஏம்மா! உன் புருஷன் இங்கே இருக்கிறான்! பார்த்துக்கொண்டே நிற்கிறாளே, ஓடி வருகிறாளா பார்! மருதா, பிடி அவனை, பிடி! குதித்தால் கால் போய்விடும். காலில்லாத ஆளை எந்தத் துரை வாங்குவான்? சோலை, சொன்னால் கேள். ஒரே மாசம். நானே வந்து அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து உன் கையில்...

சரி, கூப்பிடு. தொண்டை கிழியக் கூப்பிடு. அஞ்சலை, அஞ்சலை என்று எத்தனை தரம் கூப்பிட்டாலும் பார், பிள்ளை திரும்பவே இல்லை. பொரி உருண்டையைக் கடித்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, குச்சி மாதிரி நிற்கிறது. சொல்லிக் கொடுத்து ஒரு வாய் வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. என்ன பிள்ளை! நல்ல கை ஒன்று போயிற்று.

உட்கார். உட்கார் சோலை. இந்தா, இந்தக் கம்பளியைப் போர்த்திக்கொள், உடம்பு நடுங்குகிறது உனக்கு. அழாதே. நாளைக்கு இதையும் ஊரில் என் தலையில்தான் போடுவார்கள், பார்.